சொற்களை விற்ற நிறுவனம்: இன்ஃபோகாமின் பத்தாண்டு வரலாறு (1979–1989)



கணினி விளையாட்டு என்றவுடன் இன்று நம் மனக்கண்முன் வருவன ஓடும் உருவங்களும் ஒளிரும் வண்ணங்களுமே. வீட்டுக் கணினி பிறந்த தொடக்க ஆண்டுகளிலோ, ஒரு படமும் காட்டாமல், எழுத்தை மட்டுமே திரையில் நிறுத்தி, விளையாட்டுச் சந்தையின் முன்வரிசையில் நின்ற நிறுவனம் ஒன்று இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் 1979-இல் தோன்றி, 1989-இல் கதவடைத்த இன்ஃபோகாம் என்பதே அந்நிறுவனம். ஆடுவோர் சொல்லால் ஆணையிடுவர். கணினி சொல்லால் விடையிறுக்கும். அந்நிறுவனம் விற்ற பண்டம் சொல்லே ஆதலின், அதன் வரலாறு மொழியைப் பேணும் அவையில் எடுத்துரைக்கத் தக்கது.

இவ்வுரை ஒரு கருத்தை மையமாகக் கொண்டுள்ளது. படைப்பைக் கருவியினின்று பிரித்து வைக்கும் ஓர் ஏற்பாட்டை இன்ஃபோகாம் நிறுவனத்தார் கண்டறிந்தனர். அவ்வேற்பாடு அவர்களை உயர்த்தியது. பொருந்தாத இடத்தில் பயன்படுத்தப்பட்டபோது அவர்களுடைய வீழ்ச்சிக்கும் துணைபோயிற்று. நிறுவனம் மறைந்த பின்னர் அதன் படைப்புகளைக் காத்ததும் அதே ஏற்பாடுதான்.

குகையில் தொடங்கிய கதை

1970-களின் நடுப்பகுதியில் வில் குரவுதர் என்னும் நிரலாளர் கேம்பிரிட்ஜ் நகரில் பிபிஎன் நிறுவனத்தில் பணியாற்றி வந்தார். இணையத்தின் முன்னோடியாகிய அர்ப்பாநெட் வலையமைப்பை உருவாக்கியோருள் அவரும் ஒருவர். கெண்டக்கி மாநிலத்து மாமத் குகைகளில் இறங்கி வழிகளை அளந்து வரைவது அவருடைய ஓய்வுநேர ஈடுபாடு. தாம் அறிந்த குகையைச் சொற்களால் வருணித்து, தம் மகள்கள் ஆடுவதற்காக அவர் ஒரு நிரல் எழுதினார். ‘அட்வென்ச்சர்’ எனப்பட்ட அதனை, 1977-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் வுட்ஸ் விரிவாக்கினார். அர்ப்பாநெட் வழியே அது ஆய்வுக்கூடம்தோறும் பரவியது. திரையில் ஓர் இடம் வருணிக்கப்படும்; ஆடுவோர் ‘விளக்கை எடு’ என்பது போன்ற இருசொல் ஆணையைத் தட்டச்சிடுவார்; அதன் விளைவைக் கணினி எழுத்தில் கூறும்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமாகிய எம்.ஐ.டி.யின் கணினி அறிவியல் ஆய்வுக்கூடத்தையும் அவ்விளையாட்டு எட்டியது. அங்கிருந்த இளைஞர்கள் அதனை முடித்துவிட்டு, இதனினும் சிறந்ததொன்றைத் தாமே செய்யலாம் என்று துணிந்தனர். டிம் ஆண்டர்சன், மார்க் பிளாங்க், புரூஸ் டேனியல்ஸ், டேவ் லெப்ளிங் என்னும் நால்வர் 1977-இல் எழுதத் தொடங்கிய விளையாட்டே ‘ஸோர்க்’. நிலத்தடிப் பேரரசு ஒன்றின் இடிபாடுகளுள் புதையல் தேடும் கதை அது. ஸோர்க் என்பது பொருளற்ற ஒரு சொல். முடிவுறாத நிரல்களுக்கு அவ்வாய்வுக்கூடத்தார் வேடிக்கையாக இட்டுவந்த தற்காலிகப் பெயர். இடையில் வேறு பெயர் சூட்ட முயன்றும் நிலைக்கவில்லை. பொருளற்ற அச்சொல்லே வீட்டுக் கணினி வரலாற்றில் நிலைத்த பெயராயிற்று.

பெருங்கணினியைச் சிறு பெட்டிக்குள் அடைத்தல்

1979 ஜூன் மாதத்தில் அவ்வாய்வுக்கூடத்தைச் சார்ந்த பதின்மர் கூடி இன்ஃபோகாம் நிறுவனத்தைப் பதிவு செய்தனர். அர்ப்பாநெட்டுக்கு வித்திட்ட சிந்தனையாளர் லிக்லைடர், ஆய்வுக்கூட நிருவாகத்தில் இருந்த ஆல் வெஸா ஆகியோரும் அப்பதின்மருள் அடங்குவர். எப்பொருளைச் செய்து விற்பது என்பது நிறுவனம் தொடங்கிய நாளில் முடிவாகியிருக்கவில்லை. அலுவலகங்களுக்கான மென்பொருளைச் செய்ய வேண்டும் என்பதே பலருடைய நாட்டம். கையில் ஆயத்தமாக இருந்த ஸோர்க்கை விற்றால் அதற்கு முதல் சேரும் என்று மார்க் பிளாங்கும் ஜோயல் பெரெஸும் எடுத்துக்கூறினர். விளையாட்டு ஒரு படிக்கட்டாகவே கருதப்பட்டது என்பதை இங்கே நினைவிற் கொள்வோம். பிற்கால நிகழ்வுகளுக்கு அதுவே திறவுகோல்.

ஸோர்க்கை வீட்டுக் கணினியில் ஏற்றுவது எளிதாக இல்லை. அது எழுதப்பட்டது பிடிபி-10 என்னும் பெருங்கணினியில். அங்கே அது எடுத்துக்கொண்ட நினைவகம் ஏறத்தாழ ஒரு மெகாபைட். அக்காலத்து வீட்டுக் கணினியின் நினைவகமோ 32 அல்லது 48 கிலோபைட் அளவினது. மேலும் ஆப்பிள், டாண்டி, அட்டாரி, கொமடோர் எனக் கணினிகள் பலவாறாகப் பெருகிக்கொண்டிருந்தன. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் இயங்காது.

பிளாங்கும் பெரெஸும் கண்ட தீர்வு வியப்புக்குரியது. உலகில் எங்கும் இல்லாத ஒரு கணினியை அவர்கள் தாளில் வடிவமைத்தனர். அதற்கு ‘இஸட் மெஷின்’ என்று பெயரிட்டனர். இன்றைய வழக்கில் இதனை மெய்நிகர் பொறி என்கிறோம். எல்லாக் கதைகளும் அந்த மெய்நிகர் பொறிக்கென்றே எழுதப்படும். பின்னர் ஒவ்வொரு வகைக் கணினிக்கும், அக்கணினியை மெய்நிகர் பொறியாக நடிக்கச் செய்யும் சிறு நிரல் ஒன்று எழுதப்படும். 20 கதைகளை 20 வகைக் கணினிகளில் வெளியிட விரும்பினால், பழைய முறையில் 400 நிரல்கள் வேண்டும். புதிய முறையில் 20 கதைக்கோப்புகளும் 20 நடிப்பு நிரல்களுமாக 40 போதும். புதிய கணினி ஒன்று கடைக்கு வந்தால், அதற்கு ஒரேயொரு நிரலை எழுதியதும் நிறுவனத்தின் நூல்கள் அனைத்தும் அதில் இயங்கும்.

நினைவகப் பஞ்சத்துக்கும் அதே வடிவமைப்பில் வழி வகுக்கப்பட்டது. மாறிக்கொண்டே இருக்கும் செய்திகளை மட்டும் நினைவகத்தில் வைத்து, மாறாத பகுதிகளை வேண்டும்போது வட்டிலிருந்து எடுத்துக்கொண்டனர். எழுத்துகளையும் சுருக்கினர். வழக்கமாக ஓர் எழுத்துக்கு ஒரு பைட் வேண்டும். இவர்களோ ஓர் எழுத்தை ஐந்து பிட்டுகளில் அடக்கி, இரண்டு பைட்டுகளுக்குள் மூன்று எழுத்துகளை வைத்தனர். இவ்வளவு செய்தும் முழு ஸோர்க்கும் அடங்கவில்லை. லெப்ளிங் நிலத்தடிப் பேரரசின் வரைபடத்தில் ஏறத்தாழ நூறு இடங்களைச் சுற்றிக் கோடிட்டு, அதனை முதற்பகுதி என வரையறுத்தார். எஞ்சியவை பின்னர் இரண்டாம், மூன்றாம் பகுதிகளுக்குள் சென்றன.

முதற்பகுதி 1980-இன் இறுதியில் டாண்டி நிறுவனத்தின் டிஆர்எஸ்-80 கணினிக்கு வெளிவந்தது. அதனை வெளியிட்டது, விசிகால்க் என்னும் புகழ்பெற்ற கணக்குத்தாள் மென்பொருளை வெளியிட்ட பர்சனல் சாஃப்ட்வேர் நிறுவனம். அந்நிறுவனம் விளையாட்டுகளைக் கைவிட்டு அலுவலக மென்பொருளில் மட்டும் கருத்தைச் செலுத்தத் தலைப்பட்டதால், இன்ஃபோகாம் தன் படைப்புகளைத் தானே வெளியிடத் தொடங்கியது. நிரலாளர்களின் கூட்டமைப்பு ஒரு பதிப்பகமாக மாறியது இவ்வாறுதான்.

தொடரைப் பகுத்தறிதல்

இன்ஃபோகாமின் தனிச்சிறப்பு அதன் தொடர்ப்பகுப்பி. ஆடுவோர் தட்டச்சிடும் ஆணையைப் பகுத்துப் பொருள் காணும் நிரற்பகுதியே அது. முன்னோடியான அட்வென்ச்சர் வினையும் பெயரும் கொண்ட இருசொல் தொடர்களையே அறிந்தது. ஸோர்க்கோ ‘வாளைத் தவிர அனைத்தையும் எடு’, ‘விளக்கையும் கயிற்றையும் பெட்டகத்துக்குள் வை’ என்னும் பொருள்படும் முழு ஆங்கிலத் தொடர்களை ஏற்றது. ‘அது’ என்னும் சுட்டு எதனைக் குறிக்கிறது என்று நினைவில் கொண்டது. ஒரே இடத்தில் இரண்டு கதவுகள் இருந்தால், எந்தக் கதவு என்று திருப்பிக் கேட்டது. மொழியின் மிகச்சிறு பகுதியே அதற்குத் தெரியும். முதற்பகுதியின் அகராதியில் இருந்தவை ஏறத்தாழ 600 சொற்களே. எனினும், தன் பேச்சைப் பொறி புரிந்துகொள்கிறது என்னும் உணர்வை அது ஆடுவோருக்குத் தந்தது.

அந்தப் பகுப்பி ஆங்கிலத்தின் இயல்பைச் சார்ந்து அமைந்திருந்தது. ஆங்கிலத்தில் ஒரு பெயர் தொடரில் நிற்கும் இடமும், அதன்முன் வரும் தனி இடைச்சொல்லும் அப்பெயரின் வேற்றுமையைக் காட்டிவிடும். ஆகவே அகராதியில் ஒவ்வொரு சொல்லின் முதல் ஆறு எழுத்துகளை மட்டுமே சேமித்து, எஞ்சியவற்றை விட்டுவிட்டனர். இடம் மிஞ்சியது, பொருள் கெடவில்லை. தமிழில் இதே சிக்கனம் செல்லுபடியாகாது. ‘பெட்டகத்தினை’, ‘பெட்டகத்தினால்’, ‘பெட்டகத்தினின்று’ என்னும் மூன்றையும் ஆறெழுத்தில் நறுக்கினால் மூன்றும் ‘பெட்டகத்தி’ என்றே நிற்கும். எடுக்கவேண்டியது எது, எதைக் கொண்டு, எதிலிருந்து என்று உணர்த்தும் உருபுகள் மூன்றும் உதிர்ந்துவிடும். மறுபுறம், ‘வாளால் பூதத்தை வெட்டு’ என்றாலும் ‘பூதத்தை வாளால் வெட்டு’ என்றாலும் நமக்குப் பொருள் ஒன்றே; ஆங்கிலப் பகுப்பி நம்பியிருந்த சொல்வரிசை தமிழுக்குத் தேவைப்படாது. ஒரு மொழிக்கென்று செதுக்கிய கருவியில் அம்மொழியின் இலக்கணம் எவ்வளவு ஆழமாகப் படிந்திருக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நூலாசிரியர்களின் காலம்

1982 முதல் 1986 வரையிலான ஆண்டுகள் இன்ஃபோகாமின் பொற்காலம். 1982-இல் மார்க் பிளாங்க் எழுதிய ‘டெட்லைன்’ துப்பறியும் கதை. ஒரு வீட்டில் நிகழ்ந்த மரணத்தைப் புலனாய்வாளராக வரும் ஆடுவோர் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் துலக்க வேண்டும். சாட்சிகளின் வாக்குமூலங்கள் அனைத்தையும் வட்டுக்குள் அடக்க இடமில்லாமற்போகவே, அவற்றை அச்சிட்டு உறையிலேயே வைத்தனர். கூடவே ஒரு நிழற்படம், ஆய்வக அறிக்கை, சிறு பையில் மாத்திரைகள். இடநெருக்கடியில் பிறந்த இவ்வுத்தி வாசகரை ஈர்த்ததுடன், வட்டை மட்டும் படியெடுப்போருக்கு ஒரு தடையாகவும் அமைந்தது. அதன்பின் ஒவ்வொரு வெளியீட்டிலும் இத்தகைய பொருள்கள் இடம்பெற்றன. 1983-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் நூல் மதிப்புரைப் பகுதி டெட்லைன் பற்றி எழுதியது. கணினி விளையாட்டு ஒன்று நூல்களின் வரிசையில் வைத்துப் பேசப்பட்டது.

ஆசிரியர் பெயரும் முக்கியத்துவம் பெற்றது. ஸ்டீவ் மெரெட்ஸ்கி எழுதிய ‘பிளானட்ஃபால்’ (1983) கதையில் ஃபிளாய்டு என்னும் குழந்தைத்தனமான இயந்திர மனிதன் ஆடுவோருடன் நடந்துவந்து, இறுதியில் அவருக்காகத் தன் உயிரை ஈகிறான். எழுத்தால் மட்டுமே ஆன ஒரு பாத்திரத்துக்காக ஆடுவோர் வருந்தினர். 1984-இல் ஆங்கில எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ் மெரெட்ஸ்கியுடன் இணைந்து, தம்முடைய ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு’ கதையை விளையாட்டாக்கினார். மெரெட்ஸ்கியின் ‘எ மைண்ட் ஃபாரெவர் வாயேஜிங்’ (1985), ஓர் அரசியல் திட்டம் நடைமுறைக்கு வந்தால் ஒரு நகரம் பத்துப்பத்து ஆண்டுகளில் எவ்வாறு மாறும் என்பதை ஆடுவோர் அந்நகரத் தெருக்களில் நடந்து காணச் செய்தது. பிரையன் மொரியார்ட்டியின் ‘டிரினிட்டி’ (1986), இலண்டன் பூங்காவொன்றில் தொடங்கி, 1945 ஜூலையில் நியூ மெக்சிக்கோ பாலையில் நிகழ்ந்த முதல் அணுகுண்டுச் சோதனையில் முடிகிறது. அச்சத்தையும் குற்றவுணர்வையும் வரலாற்றையும் பேசும் கருவியாக விளையாட்டு வளர்ந்துவிட்டது.

படங்கள் இல்லாமையை அந்நிறுவனம் குறையாகக் கருதவில்லை. 1980-இலேயே சியரா நிறுவனத்தின் ‘மிஸ்டரி ஹவுஸ்’ ஆப்பிள் கணினியில் கோட்டோவியங்களைக் காட்டியிருந்தது. இன்ஃபோகாம் தன் விளம்பரத்தில் மனித மூளையின் படத்தை வெளியிட்டு, சிறந்த காட்சிகள் தோன்றும் இடம் அதுவே என்று அறிவித்தது. அன்றைய திரைகளின் தரத்தை நோக்க, அக்கூற்று வெறும் வீம்பாக இருக்கவில்லை.

கார்னர்ஸ்டோன்

1984-இல் நிறுவனத்தின் விற்பனை ஏறத்தாழ ஒரு கோடி டாலரை எட்டியது. அப்பணம் எங்கே சென்றது என்பதுதான் இவ்வரலாற்றின் திருப்புமுனை. அலுவலக மென்பொருள் என்னும் பழைய நாட்டம் மறையவே இல்லை. 1982-இலேயே அதற்கெனத் தனிப்பிரிவு தொடங்கப்பட்டிருந்தது. ஆல் வெஸாவின் தலைமையில் நிறுவனம் தன் வருவாயையும் கடனையும் ஒரு தரவுத்தள மென்பொருளில் முதலீடு செய்தது. 1985 ஜனவரியில் 495 டாலர் விலையில் வெளிவந்த அதன் பெயர் கார்னர்ஸ்டோன். மூலைக்கல் என்பது அதன் பொருள்.

கார்னர்ஸ்டோனும் மெய்நிகர் பொறி ஒன்றின் மீதே கட்டப்பட்டது. கதைகளுக்கு வெற்றி தந்த முறை அலுவலகத்துக்கும் பொருந்தும் என்று எண்ணினர். காலமோ மாறிவிட்டது. பற்பல கணினிகள் போட்டியிட்ட 1980-இல் எங்கும் இயங்கும் ஆற்றல் பெரும் செல்வம். 1985-இல் அலுவலகச் சந்தை ஐபிஎம் கணினி ஒன்றின் வழியே ஒருமுகப்பட்டிருந்தது. அங்கே எங்கும் இயங்கும் ஆற்றலால் பயன் இல்லை. அதற்குக் கொடுக்கும் விலையாகிய வேகக்குறைவு மட்டும் எஞ்சியது. கதை படிப்பவர் ஒரு நொடி காத்திருப்பதைப் பொருட்படுத்தமாட்டார். ஆயிரக்கணக்கான பதிவுகளை வரிசைப்படுத்தும் எழுத்தர் பொறுத்துக்கொள்ளமாட்டார். எதிர்பார்த்த விற்பனை நிகழவில்லை. நூறைத் தாண்டியிருந்த பணியாளர் எண்ணிக்கை சில மாதங்களில் பாதிக்கும் கீழே இறங்கியது. பின்னாளில் அம்மென்பொருளின் விலை நூறு டாலருக்கும் கீழே குறைக்கப்பட்டது.

கதைகளை எழுதியோர் ஈட்டிய பொருள், கதைகளைத் தாழ்வாக மதித்த முயற்சி ஒன்றில் கரைந்தது. கார்னர்ஸ்டோன் தகுதியற்ற மென்பொருளும் அன்று; கணினி அறியாதோரும் எளிதில் கையாளுமாறு அது அமைந்திருந்தது. தனக்கு எது தொழில், எது துணை என்பதை நிறுவனம் உணராமற்போனதே கேடு. முன்னர் பர்சனல் சாஃப்ட்வேர் விளையாட்டை உதறியபோது இன்ஃபோகாம் பதிப்பகமாயிற்று. அதே எண்ணம் தன்னுள்ளும் இருந்ததை அது கண்டுகொள்ளவில்லை.

இறுதி ஆண்டுகள்

கடன்சுமையில் தத்தளித்த நிறுவனத்தை 1986-இல் ஆக்டிவிஷன் வாங்கியது. வாங்கிய தலைவர் ஜிம் லெவி இன்ஃபோகாமின் கதைகளை விரும்பியவர். 1987 தொடக்கத்தில் அவருக்குப் பதிலாகப் புரூஸ் டேவிஸ் பொறுப்பேற்றார். வெளியீடுகளின் எண்ணிக்கையைப் பெருக்குமாறு நெருக்கடி கூடியது. அக்காலத்திலும் நல்ல படைப்புகள் வந்தன. ஏமி பிரிக்ஸ் எழுதிய ‘பிளண்டர்டு ஹார்ட்ஸ்’ (1987), கடற்கொள்ளையர் காலக் காதற்கதையைப் பெண்ணின் நோக்கில் கூறியது. ஆயினும் வண்ணத்திரைகளும் சுட்டியும் பரவிவிட்டன. சியராவின் ‘கிங்ஸ் குவெஸ்ட்’ போன்றவை ஓவியத்துக்குள் உருவங்களை நடக்கச் செய்தன. இன்ஃபோகாமும் 1988-இல் ‘ஸோர்க் ஸீரோ’ முதலியவற்றில் படங்களைச் சேர்த்தது. காலம் கடந்திருந்தது. 1989-இல் கேம்பிரிட்ஜ் அலுவலகம் மூடப்பட்டது.

கதைகள் பிழைத்த விதம்

அக்காலத்து வீட்டுக் கணினிகள் பெரும்பாலும் இன்று இயங்குவதில்லை. அவற்றுக்கென்றே எழுதப்பட்ட எண்ணற்ற விளையாட்டுகள் அவற்றுடன் உறங்கிவிட்டன. இன்ஃபோகாமின் கதைக்கோப்புகள் எந்தக் கணினிக்கும் எழுதப்பட்டவை அல்ல. இல்லாத கணினி ஒன்றுக்கு எழுதப்பட்டவை. இல்லாத கணினி பழுதடைவதில்லை. 1980-களின் பிற்பகுதியிலேயே ஆர்வலர்கள் அக்கோப்புகளை ஆராய்ந்து, மெய்நிகர் பொறியின் அமைப்பைத் தாமே கண்டறிந்து, அதனை நடிக்கும் நிரல்களை எழுதலாயினர். 1993-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கணித அறிஞர் கிரஹாம் நெல்சன், அதே மெய்நிகர் பொறிக்குப் புதிய கதைகள் எழுத உதவும் ‘இன்ஃபார்ம்’ என்னும் மொழியை வெளியிட்டார். 1995 முதல் ஆண்டுதோறும் இத்தகைய கதைகளுக்குப் போட்டி நடைபெற்று வருகிறது. ஸ்பானியம், பிரெஞ்சு, செருமானியம், இத்தாலியம் ஆகிய மொழிகளுக்கு அவ்வம்மொழியினரே தத்தம் இலக்கணத்துக்கேற்பத் தொடர்ப்பகுப்பிகளை அமைத்துக்கொண்டனர். ஆக்டிவிஷனின் உரிமைகள் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குச் சென்றபின், 2025 நவம்பரில் ஸோர்க் மூன்று பகுதிகளின் மூலநிரலும் எவரும் பயன்படுத்தத்தக்க உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. அதன் பெயர் எம்.ஐ.டி. உரிமம்; கதை பிறந்த இடத்தின் பெயரும் அதுவே.

இவ்வட்டாரத்துத் தமிழர்க்கு இச்செய்தி அயலானது அன்று. தமிழைக் கணினியில் ஏற்றிய தொடக்க ஆண்டுகளில், ஒவ்வொருவரும் தத்தம் எழுத்துருவுக்கேற்ற குறியேற்றத்தைக் கையாண்டனர். ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்ட கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றும். உரை தன் கருவியோடு விலங்கிடப்பட்டிருந்தது. 1997-இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ்நெட் கருத்தரங்கில் அறிஞர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல்களுள் இதுவும் ஒன்று. பின்னர் ஒருங்குறி பரவியபோதே எந்தக் கணினியிலும் படிக்கத்தக்க தமிழ் உரை நமக்கு வாய்த்தது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்டு, மாற்றப்படாமல் கிடக்கும் மலர்களும் மாநாட்டுக் கட்டுரைகளும் இன்னும் நம் அலுவலகப் பேழைகளில் உள்ளன. அவற்றைத் திறக்கும் கணினிகள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றன.

பத்தே ஆண்டு வாழ்ந்த நிறுவனத்தின் கதைகளை நாற்பது ஆண்டுகள் கழித்தும் கைப்பேசியில் படிக்க முடிகிறது. அதற்குக் காரணம், 32 கிலோபைட் நெருக்கடியில் இருவர் செய்த ஒரு முடிவு. நம் பேழைகளில் உள்ள உரைகளுக்கும் அத்தகைய முடிவை நாம் செய்தாக வேண்டும். அவை தட்டச்சிடப்பட்ட கணினிகள் இன்னும் இயங்கும்போதே செய்தாக வேண்டும்.